சுவரோரத்தில் புதைத்த செம்பு

ஏழுமலை,

திருப்பதியில் நீ கட்டுகிற வீட்டுக்குப் பால் காய்ச்ச வரச் சொல்லி நேற்று போன் பண்ணினாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அடுப்பில் குழம்பு தீய்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. நீ சொன்ன ஒரு பேச்சுதான் காரணம். வயரிங் நடக்கிறது என்றாய். எர்த்துக் குழி எங்கே தோண்டட்டும் என்று கேட்ட எலக்ட்ரீஷியனிடம் அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாய். "நம்ம ஊட்ல போட்டுத்தான் பாத்தமே, இன்னா ஆச்சு? எர்த்துன்றது ஏமாத்து வேலைமா" என்று சிரித்தாய். அதே மூச்சில், மாடி அறையில் பேத்தி திவ்யா கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் போகிறாள் என்றும் சொன்னாய். இரண்டையும் சேர்த்துக் கேட்ட பிறகு ஒரு விஷயத்தை இனி மறைத்து வைக்க முடியாது.

அதனால்தான் எழுதுகிறேன். எர்த்து ஏமாற்று வேலை இல்லை. உன் சித்தி பிள்ளை சேகர் உன்னை ஏமாற்றவும் இல்லை, உன் செம்பைத் திருடவும் இல்லை. நம் ஊர் வீட்டில் அவன் புதைத்த எர்த்தைத் தோண்டி எடுத்துக் கால்வாயில் எறிந்தவள் நான். முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மூன்றாவது வரை படித்த எழுத்தில், நிறுத்தி நிறுத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். முழுதும் படி.

என் ஓரகத்தி கன்னியம்மாவுக்கும் எனக்கும் ஆகாது என்று உனக்குத் தெரியும். ஏன் ஆகாது என்று நீ ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. கேட்டிருந்தால் பொழுது விடியும் வரை சொல்லியிருப்பேன். உன் காதுகுத்துக்கு அவள் வைத்த புடவை பழசு, மடித்து இஸ்திரி போட்டுப் புதுசு போல் கொடுத்தாள். முந்தானையில் எந்த மூலையில் மஞ்சள் கறை இருந்தது என்று இன்றைக்கும் காட்டுவேன். சித்தூர் மாங்கூழ் கம்பெனியில் இரண்டு பேரும் பழம் அறுக்கப் போனபோது, மேஸ்திரியிடம் என் கை மெதுவாகப் போகிறது என்று போட்டுக்கொடுத்தாள். இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். நிலம் என்று ஒரு காணி இல்லாமல் கூலிக்குக் களை பிடுங்கிக் கிடந்த நாம், உன் சம்பாத்தியத்தில் கூரை வீட்டைப் பிரித்துக் கான்கிரீட் போட்ட நாள் இருக்கிறதே, அன்றைக்குத் தெருவே வந்து பாயசம் சாப்பிட்டது. கன்னியம்மாவும் சாப்பிட்டாள். வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "கட்டிட்டீங்க சரி. எத்தினி நாளைக்கு இந்த ஊட்ல வெளக்கு எரியுதுன்னு பாக்கலாம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. அந்த வார்த்தையை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவள் பிள்ளை சேகர் நம் வாசல்படி மிதிக்கக்கூடாது என்று உன்னிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு நீ ஃபிரிட்ஜ் வாங்கினாய். ஈரக்கையோடு பிடியைத் தொட்டால் சுருக்கென்று கடித்தது. மருமகள் லதா ஒருநாள் பால் பாத்திரத்தையே கீழே போட்டாள். சேகர் சித்தூரில் வயரிங் வேலை கற்றுக்கொண்டு வந்திருந்தான். அவனுக்கு வாய் அதிகம், அவன் மாட்டினால்தான் ஊரில் பல்பு எரியும் என்பது போலப் பேசுவான். அவனைத் தெருமுனையில் பிடித்துக் கேட்டிருக்கிறாய். பிளக்கில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, வெறும் பார்வைக்கு வைத்திருக்கிறது, கசிகிற கரண்டை மண்ணில் இறக்குகிற எர்த்து போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறான். நான் இருந்தால் அவனை உள்ளே விடமாட்டேன். அதனால் நான் உன் தங்கச்சி பிரசவத்துக்காகச் சூளூர்பேட்டை போயிருந்த சமயம் பார்த்து அவனை அழைத்து வேலையை முடித்துவிட்டாய். எனக்குச் சொல்லவேண்டாம் என்று லதாவிடமும் சொல்லி வைத்தாய். உன்னை நான் குறை சொல்லவில்லை. பெற்ற பிள்ளை ஒரு நல்ல காரியத்தைத் திருட்டுத்தனமாகச் செய்யவேண்டிய நிலையில் வீட்டை வைத்திருந்தவள் நான்.

சூளூர்பேட்டையிலிருந்து திரும்பி வந்ததும் என் கண்ணில் பட்டது அந்த இடம்தான். கன்னியம்மா வீட்டுச் சுவரோரம், நம் பக்கத்தில், மண் புதிதாகக் கிளறியிருந்தது. மேலே ஒரு கல் மூடியிருந்தது. சுற்றி எங்கும் காய்ந்து கிடக்க அங்கே மட்டும் ஈரம். என்ன என்று லதாவைக் கேட்டேன். "ஒன்னுமில்லத்தை, எலி வளை, மூடிட்டோம்" என்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். யாருக்கோ பயந்துகொண்டு மறைக்கிறாள் என்று நினைத்தேன். எனக்குப் பயந்துதான் என்று புத்தியில் படவில்லை. நாள் போயும் அந்த ஈரம் காயவில்லை. யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் எவள் இருக்கிறாள் என்பதை மட்டும்தான் நான் யோசித்தேன்.

திவ்யா பரீட்சைக்கு வேண்டிக்கொண்டு நீங்கள் எல்லாரும் காணிப்பாக்கம் போன அன்று, முட்டி வலிக்கிறது என்று சொல்லி நான் வீட்டிலேயே இருந்துகொண்டேன். நீங்கள் ஏறிய பஸ் போன சத்தம் கேட்டதும் மண்வெட்டியை எடுத்தேன். உச்சி வெயில். கல்லைத் தள்ளினால் ஒரு பைப்பு நின்றது, பிடுங்கி வைத்தேன். மண்ணோடு பிறந்து மண்ணோடு வளர்ந்த உடம்பு, இடுப்பளவு பள்ளம் எனக்குப் பெரிய வேலை இல்லை. முதலில் உப்பு வந்தது. அப்புறம் கரி, கருகருவென்று ஈரமாக. திரும்ப உப்பு, திரும்பக் கரி. அதற்கும் அடியில் மண்வெட்டி டங்கென்று பட்டது. கையால் துழாவினேன். செம்புத் தகடு. ஏழுமலை, நீயே சொல். உப்பு, கரி, செம்புத் தகடு, இதைச் சுவரோரத்தில் ஆளில்லாத நேரத்தில் புதைத்திருந்தால் நம் ஊரில் அதற்கு என்ன பெயர்? தகட்டிலிருந்து ஒரு கம்பி கிளம்பி மண்ணுக்குள்ளேயே போய் நம் வீட்டுச் சுவருக்குள் ஏறியிருந்தது. வீட்டையே கட்டிப் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். எத்தனை நாளைக்கு விளக்கு எரிகிறது பார்க்கலாம் என்றாளே, அந்த வார்த்தை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்ந்து வந்து எதிரே நின்றது.

மாட்டுக்கொட்டகையில் செருகியிருந்த அரிவாளை எடுத்து வந்து கம்பியைக் கல்லில் வைத்து வெட்டினேன். தகட்டை மஞ்சள் துணியில் சுற்றி, வேப்பிலை வைத்து, எலுமிச்சம்பழம் வைத்து முடிந்தேன். ஏரி மதகு திறந்து கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற தண்ணீரில்தான் விடவேண்டும். எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டேன். பிறகு குழியை முன்பு இருந்தது போலவே மூடி, பைப்பை நட்டு, கல்லை அதே வாட்டத்தில் வைத்தேன். வைத்தவளுக்கு எடுத்தது தெரியக்கூடாது அல்லவா. யாரிடமும் மூச்சு விடவில்லை. எடுத்ததை வெளியில் சொன்னால் திரும்பவும் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். அதற்கப்புறம் எனக்குத் தெரியாமல் லதா அந்தக் குழிக்கு விடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். உங்களுக்குத் தெரியாமல் நான் அதை வெறும் குழியாக்கி வைத்திருந்தேன். ஒரே வீட்டில் சோறு தின்றுகொண்டு இப்படி இருந்திருக்கிறோம்.

அடுத்த நாளே ஃபிரிட்ஜ் மறுபடியும் கடித்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும். செய்வினையின் மிச்சம் என்று நினைத்து ஃபிரிட்ஜ் கதவில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினேன். திவ்யா அதைப் பார்த்துச் சிரித்து, "ஆயா ஃபிரிட்ஜுக்குத் திருஷ்டி கழிச்சிக்கினு கீது" என்று உன்னிடம் சொன்னாள், நீயும் சிரித்தாய். தரை சில்லென்று இருக்கிறது என்று சொல்லி லதாவுக்கும் எனக்கும் ரப்பர் செருப்பு வாங்கி வந்து சமையலறையில் போட்டுக்கொள்ள வைத்தேன். செருப்பு போட்டதால் கடிப்பது அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சேகரைக் கூப்பிட்டிருப்பீர்கள், அன்றைக்கே விஷயம் வெளியில் வந்திருக்கும். நல்லது செய்வதாக நினைத்து அந்த வழியையும் நானே அடைத்துவிட்டேன்.

மாங்காய்க் காலத்தில் அந்தச் சாயங்காலம் வந்த மழை உனக்கு ஞாபகம் இருக்கும். காற்றோடு வந்தது. தோப்போரத்துக் கரண்ட் கம்பத்தில் இடி விழுந்தபோது வீடே வெள்ளையானது. மீட்டர் பலகையில் படாரென்று சத்தம், புகை. டிவி போனது, ஃபிரிட்ஜ் போனது. திவ்யா சார்ஜரில் மாட்டின கம்ப்யூட்டரை மடியில் வைத்துக் காலேஜ் புராஜெக்ட் எழுதிக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கி எறிந்தது போல் இருந்தது. வலது கை மரத்துப்போய்த் தொங்கியது. மழையில் ஆட்டோ பிடித்துச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் "ஆயா, கை இருக்குதா பாரு, கை இருக்குதா பாரு" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சாமி புண்ணியத்தில் கை வந்தது. ஆனால் எழுதினதெல்லாம் கம்ப்யூட்டரோடு போய், அவள் படிப்பு ஒரு வருஷம் பின்னுக்குப் போனது.

தெருவில் நிறைய வீட்டில் டிவி போயிருந்தது. அவர்கள் இடியைத் திட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நம் வீட்டில் திட்டுவதற்கு ஆள் இருந்தது. சேகரை நீ கூட்டி வந்தாய், என் எதிரிலேயே. அவன்தான் வேலை செய்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். மீட்டர் பலகையில் அவன் மாட்டியிருந்த சின்னப் பெட்டியைக் காட்டினான், கருகியிருந்தது. இடியில் வருகிற அதிகக் கரண்டை இந்தப் பெட்டி பிடித்து மண்ணுக்குள் தள்ளும், தள்ளுவதற்குக் கீழே எர்த்து இருக்கவேண்டும், எர்த்து இருந்தால் இவ்வளவு சேதம் ஆகியிருக்காது என்றான். தோண்டிப் பார்த்துவிடலாம் என்று அவனே சொன்னான். தெருவே கூடிவிட்டது. அவனுக்குக் கூட்டம் என்றால் பேச்சு வருமே, என்னென்ன போட்டேன் என்று வரிசையாக எல்லாருக்கும் சொன்னான். ஈரம் பிடிப்பதற்கு உப்பு, கரி, உப்பு, கரி, அடியில் செம்புத் தகடு, அதிலிருந்து கம்பி. அவன் சொல்லச் சொல்ல, நான் தோண்டியெடுத்தது எது என்று எனக்கு விளங்கியது. கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டேன். அந்த அரிவாள் என் தலைக்கு மேலேயே செருகியிருந்தது.

தோண்டினார்கள். கரி வந்தது, தகடு வரவில்லை. வெட்டின கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. சேகர் அந்தக் கம்பி நுனியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான். நீ சொன்னாய்: "இங்க செம்பு கீதுன்னு எனக்கும் லதாவுக்கும் உனக்குந்தான் தெரியும். நாங்க எடுக்கல." அவ்வளவுதான் சொன்னாய். மிச்சத்தைத் தெரு சொல்லிவிட்டது. தமிழில் செம்புத் திருடன் என்றார்கள், தெலுங்குக்காரப் பசங்கள் அதையே ராகி தொங்க என்றார்கள். அவன் என்னைத்தான் பார்த்தான். எதற்கு என்னைப் பார்த்தான் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். வீட்டில் பெரியவள், ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்திருப்பான். நான் சொல்லவில்லை.

இதோடு நின்றிருந்தால்கூடப் பயத்தில் வாயடைத்துப் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மறுநாள் கன்னியம்மா நம் வீட்டுக்கு வந்தாள். நீ வேலைக்குப் போயிருந்தாய். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள். "யக்கா, எம்மேல கோவம் இருந்தா என்னை அடி. பையன் பேரு கெட்டுப்போவுது. நீ ஒரு வார்த்த சொன்னா ஏழுமலை கேப்பான்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் பிள்ளை திருடவில்லை என்று உலகத்தில் உறுதியாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வளத்தவளப் பொறுத்துத்தான் புள்ள" என்றேன். அவள் முகம் அப்படியே செத்துப்போனதைப் பார்த்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மஞ்சள் கறை, மாங்கூழ் கம்பெனி, பாயச வாய், எல்லாவற்றுக்கும் சேர்த்து அடித்தது போல் இருந்தது. அன்றைக்கு மத்தியானம் வயிறு நிறையத் தின்றேன். அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

அப்புறம் சேகரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. வயர் சுருளை வீட்டில் விட்டுவிட்டு இவனை நம்பி எப்படி வெளியே போவது என்றார்கள். நாயுடுபேட்டையில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டான். பொங்கலுக்கு வந்தாலும் முந்தின ஸ்டாப்பில் இறங்கி, வயல் வழியாக நடந்து, கொல்லைப்புறமாக வீட்டுக்குப் போவான். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். நீ திருப்பதிக்குக் குடி போனாய். எனக்கும் வயசாகிவிட்டது, இது என்னோடேயே போய்விடட்டும் என்றுதான் இருந்தேன். நேற்று நீ போனில் சிரித்த பிறகு அப்படிப் போகாது என்று தெரிந்துவிட்டது. நான் செய்தது அந்தக் குழியோடு நிற்கவில்லை. உன் புது வீட்டு மாடி அறை வரை வந்து நிற்கிறது.

போனை வைத்ததும் நேராகக் கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். அந்த வாசல்படியை மிதித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அவள் உட்கார்ந்து சுத்தியலால் புளி தட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், மஞ்சள் துணி வரைக்கும், நான் சந்தோஷப்பட்டது வரைக்கும். அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், புளியைப் பார்த்துச் சொன்னாள்: "நானும் அவந்தான் எடுத்துட்டான்னு நெனச்சிட்டேன்க்கா. நீ அப்டி சொன்னப்புறம் எனக்கும் அதே நெனப்பு வந்துட்டுது. அவன் ஒருநாளு கேட்டான், நீகூடவாம்மா நம்பலன்னு. நான் பதில் சொல்லல."

ஏழுமலை, நான் அவன் பெயரைத்தான் கெடுத்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பெற்றவள் மனசிலிருந்தே அவனை எடுத்துவிட்டேன் என்பது நேற்றுத்தான் தெரிந்தது.

அவள்தான் சேகருக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். நான் மறுபடியும் சொன்னேன். கம்பெனி மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் கேட்டான்: "அந்தத் தகட்ட எங்க போட்ட பெரிம்மா?" மதகுக் கால்வாயில் என்றேன். "நல்ல செம்பு பெரிம்மா அது" என்றான். நீ வீட்டுக்கு எர்த்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாய் என்றேன். உடனே அவனுக்குப் பழைய வாய் வந்துவிட்டது. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மீட்டர் பலகையில் அந்தப் பெட்டி கட்டாயம் வேண்டும், ஆனால் எர்த்து இல்லாமல் பெட்டியை மட்டும் மாட்டினால் அது சுவரில் மாட்டின காலண்டர்தான். ஒவ்வொரு பிளக்கின் மூன்றாவது ஓட்டைக்கும் எர்த்துக் கம்பி வந்து சேரவேண்டும், டிவிக்கு மொட்டைமாடியிலிருந்து வருகிற ஒயரையும் விடக்கூடாது. கோடையில் குழி காய்ந்தால் தண்ணீர் ஊற்றவேண்டும். இவ்வளவும் செய்தாலும் இடி வீட்டின் மேலேயே விழுந்தால் எதுவும் நிற்காதாம், அதனால் மழை கறுத்து வரும்போதே பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், திவ்யா சார்ஜரோடு கம்ப்யூட்டரை மடியில் வைக்கவே கூடாது. சுவர்ப் பூச்சுக்கு முன்னால் கம்பி இழுத்தால்தான் வேலை சுத்தமாக இருக்கும் என்றான். நீ வந்து போட்டுக் கொடுப்பாயா என்று அவனைக் கேட்டேன். "அண்ணன் கூப்பிடட்டும்" என்றான்.

நீ கூப்பிடு. இதைப் படித்து முடித்ததும் கூப்பிடு, லதாவும் திவ்யாவும் பக்கத்தில் இருக்கும்போது கூப்பிடு. நான் இந்தக் கடிதத்தை இன்னும் ஒட்டாமல்தான் வைத்திருக்கிறேன். தபாலில் போடுவதற்கு முன் கன்னியம்மாவுக்குப் படித்துக் காட்டப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை தெருவில் எல்லாரும் இருக்கும்போது, அன்றைக்கு அவன் உட்கார்ந்த அதே குழி மேட்டில் நின்று, செம்பை எடுத்தது நான் என்று வாயால் சொல்லப் போகிறேன். அவனைத் திட்டினது தெருவில், அதனால் இதையும் தெருவில்தான் சொல்லவேண்டும். இனிப் பசங்கள் எனக்குப் பெயர் வைத்தால் வைக்கட்டும்.

யார் என்ன சொன்னாலும் பாலை நீதான் காய்ச்சவேண்டும் என்று என்னிடம் சொன்னாய். வேண்டாம் ஏழுமலை. உன் சித்தி கன்னியம்மாவை நீயே வந்து அழைத்துப் போ, பானையில் அவள் பால் ஊற்றட்டும். நானும் வருகிறேன். உள்ளே கூப்பிட்டால்தான் வருவேன், கூப்பிடாவிட்டாலும் கோபித்துக்கொள்ளமாட்டேன். அதுவரை வெளியே சுவரோரம் நிற்கிறேன். சேகர் குழி எடுத்து, தகட்டை இறக்கி, உப்பும் கரியும் போட்டு மூடுவான் அல்லவா, அதற்கு முதல் குடம் தண்ணீரை எல்லார் கண் எதிரிலும் நான் ஊற்றுகிறேன்.

அம்மா